முப்பத்தாறு டிகிரி

ஏசி பழுதாகி மூன்று நாள். மே மாத விடுமுறையில் யார் வந்து சரிசெய்யப் போகிறார்கள்?

ஆய்வகத்தில் அவள் மட்டும்தான் இருந்தாள். பாளையங்கோட்டை வெயில் சுவர் வழியாகவே உள்ளே வந்தது.

தட்டில் தண்ணீர். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புப் படலம். உயிரணுவின் தோலுக்குப் பதில் அதை வைத்துத்தான் சோதனை. படலத்துக்கு அடியில் மருந்தைச் செலுத்தினாள்.

மருந்து படலத்துக்குள் போகாது. இருபது முறை பார்த்தாயிற்று. ஆய்வேட்டில் சேர்க்க இன்னும் ஒரே ஒரு அளவீடு வேண்டும், அவ்வளவுதான்.

திரையில் கோடு ஏறியது. மருந்து உள்ளே போனால்தான் அது ஏறும்.

தட்டைக் கழுவிவிட்டு மறுபடி செய்தாள். மறுபடியும் ஏறியது.

அடக் கடவுளே!

வெப்பமானியைப் பார்த்தாள். முப்பத்தாறு. ஏசி ஓடும்போது இருபத்திரண்டைத் தாண்டாது.

மார்கழியில் தேங்காயெண்ணெய் உறைகிற மாதிரி, அந்தக் குளிரில் படலம் இறுகிக் கிடந்திருக்கிறது. சூட்டில் இளகியதும் மருந்து விறுவிறுவென்று உள்ளே போகிறது. மனுஷ உடம்பும் சூடுதானே! இது ஏன் அவளுக்குத் தோன்றவே இல்லை?

இரண்டு வருடத்துக்கு முன்பு இசக்கிராஜா இதைத்தான் சொன்னான். மருந்து உள்ளே போகிறது என்று. அவளுக்குப் பின் ஆய்வுக்குச் சேர்ந்தவன். ஏசி அறையில் இடமில்லை என்று பின்பக்கத் தகரக் கூரை அறையில் அவனைத் தள்ளியிருந்தார்கள்.

பேராசிரியர் அவளைச் சரிபார்க்கச் சொன்னார். ஏசி அறையில் செய்து பார்த்தாள்.

“நம்பரெல்லாம் அவனாப் போட்டது சார்.”

வாய் கூசாமல் சொன்னாள். அந்த வாரமே அவன் பெட்டியைக் கட்டினான்.

அந்த ஆய்வகத்தில் அவளோடு உட்கார்ந்து டீ குடித்த ஒரே ஆள் அவன்தான்.

செல்பேசியை எடுத்தாள். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. ஆனால் இதைச் சொல்ல அவளுக்கு வேறு யாரும் இல்லை.

“செம்பகக்காவா?” என்றான்.

எல்லாவற்றையும் சொன்னாள். ஏசி, வெப்பம், கோடு. மன்னிப்பு கேட்கும்போது அழுகை வந்துவிட்டது.

திட்டட்டும் என்று காத்திருந்தாள்.

“ஏசி இல்லாமலா உள்ள இருக்கீய?” என்றான் கடைசியில். “கதவத் தெறந்து வைங்கக்கா. அந்தத் தகர ரூம்ல நான் ரெண்டு தடவ மயங்கி விழுந்திருக்கேன். ஒருத்தரும் எட்டிப் பாக்கல.”