நீலத் தகடு

தங்கையா மகளின் மூச்சுக்கு இரண்டு பவுன் விலை சொன்னார் அடுத்த வீட்டுப் பல்தசார்.

ஆலைப் புகையைத் தின்னும் வினையூக்கித் தகடுகளில் சிவப்பு மேலா, நீலம் மேலா என்று ஒப்பிட, ஆலைக்காரர்கள் தெருவில் வீட்டுக்கு ஒன்றாகக் குலுக்கல் முறையில் கொடுத்திருந்தார்கள். வீட்டுக் காற்றின் அளவீடு, குலுக்கலில் அந்தக் கதவு எண்ணுக்கு விழுந்த நிறத்தின் கணக்கில் தானாக ஏறும். தங்கையா வீட்டுக்குச் சிவப்பு. மகளுக்கு இளைப்பு அடங்கவில்லை.

"ஒரு பவுனுக்கு உம்ம நீலத்தத் தாரும் வே."

"எம் மூக்கு என்ன ஓசியிலயா வந்துச்சு, அண்ணாச்சி?"

கேட்ட இரண்டு பவுனையும் கொடுத்துத் தங்கையா தகட்டை மாற்றினார். மகள் நிம்மதியாகத் தூங்கினாள். தெருவில் பாதிப்பேர் இப்படி மாற்றியிருந்தார்கள்.

முடிவு வந்தது: சராசரியில் இரண்டும் சமம். ஆகவே, மலிவான சிவப்பே எல்லா வீட்டுக்கும்.

நீலத்தைக் கழற்ற வந்தவரிடம், தெருவே தகடு மாற்றியதில் அளவீடு கலந்துபோன உண்மையைத் தங்கையா சொன்னார்.

"இத முதல்லயே சொல்லிருக்கணும் அண்ணாச்சி. கணக்க முடிச்சாச்சே."