நாக்கு கழற்றிய மணி

முதலில் வெறும் அறையைப் பதிவு செய்ய வேண்டும்.

பேசக்கூடாது. அசையக்கூடாது. அறை சும்மா இருக்கும்போது அதற்குள் என்ன சத்தம் இருக்கிறதோ, அதை மட்டும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ள வேண்டும். கதை படித்து முடித்ததும், இந்தச் சத்தம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் எடுத்துவிடு என்று கம்ப்யூட்டரிடம் சொன்னால் போதும். துடைத்துவிட்ட மாதிரி போய்விடும். குரல் மட்டும் நிற்கும்.

ஒலிநூலுக்குக் கதை படிக்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். அவளும் கண்ணை மூடிக்கொண்டு செய்வாள்.

இன்றைக்குக் கை வரவில்லை.

அறை என்னவோ அருமையான அறை. "அப்பா ரூம் சும்மாதான கெடக்குது" என்று அவள் கணவன் மகுடேசன் பவுண்டரிக்கு லீவு போட்டு, கூடவே நின்று செய்தது. சுவரெல்லாம் சாம்பல் நிறத்தில் பஞ்சுப் பலகை. கதவு இடுக்கில் ரப்பர். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. கிழக்கே பார்த்த மேசை, மேசை மேல் சின்னத் தொட்டியில் ஒரு செடி, கண்ணை உறுத்தாத விளக்கு. இத்தனை வருடமும் துணி அலமாரிக்குள் தலையை விட்டு, மேலே போர்வையைப் போர்த்தி, வியர்த்து வழிந்து படித்தவளுக்கு இது ராஜபோகம்தான்.

"இடியே உழுந்தாலும் உள்ள கேக்காது பாரு பிரபா" என்றான். அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதோடு விட்டிருக்கலாம்.

மைக்குக்கு மேலே, அவள் நிமிர்ந்தால் கண்ணில் படுகிற இடத்தில், ஆணி அடித்து அந்தப் பித்தளை மணியையும் மாட்டிவிட்டான்.

"அப்பா கையில இருந்தது. உனக்கு ஆசீர்வாதமா இருக்கட்டும். சத்தம் கித்தம் போட்டுருமோன்னு நாக்கைக் கழட்டிட்டேன்."

தலையாட்டினாள். வேறு என்ன செய்வாள்? அவனுக்கு ஒன்றும் தெரியாது.

பக்கவாதத்தில் மாமனாருக்குப் பேச்சும் வலது கையும் போனபோது, சாமி அலமாரியிலிருந்து அந்த மணியை எடுத்து அவர் தலைமாட்டு ஸ்டூலில் வைத்தவளே அவள்தான்.

"எப்ப வேணும்னாலும் அடிங்க மாமா. ஓடி வந்தர்றேனுங்க."

ஓடித்தான் வந்தாள். பால் பொங்கினால் பொங்கட்டும் என்று வந்தாள். மணி கேட்டதும் "இதா வந்துட்டேனுங்க மாமா" என்று குரல் கொடுப்பாள். ஆள் போய்ச் சேருவதற்குள் குரல் போய்ச் சேர்ந்துவிடும். அந்தக் குரலுக்கே அவர் முகம் தெளிந்துவிடும்.

ஒரே ஒரு நாள்தான்.

அன்று பொழுது சாய்வதற்குள் கதையை அனுப்பியாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் பாதியில் மணி. தண்ணீர். போர்வை. மறுபடி தண்ணீர். அவளுக்கும் அலுத்துப் போயிற்று. அவளும் மனுஷிதானே.

"இந்த ஒரு கதை முடியற வரைக்கும் அடிக்காம இருங்க மாமா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

சரி என்று கண்ணை மூடித் திறந்தார்.

அலமாரிக்குள் அவள் நரியாக மாறியிருந்தாள். நரி விழுந்து விழுந்து சிரிக்கிற இடம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஹெட்போனில் மெலிசாக ஒரு டிங் கேட்டது. தெருவில் பஞ்சுமிட்டாய்க்காரர் போகிறார் என்று நினைத்தாள். அவர் அந்த நேரத்துக்குத்தான் மணி அடித்துக்கொண்டு வருவார். சிரிப்பை நிறுத்தவில்லை.

கதை முடிந்தது. அந்த டிங்கைத் தேடிப் பிடித்துத் துடைத்தாள். சுத்தமாக வந்தது. அனுப்பினாள். அதற்குப் பிறகுதான் அவர் அறைக்குள் போனாள்.

ஸ்டூலில் மணி இல்லை. அவர் கைக்குள் இருந்தது.

விரல்களைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அடிக்காதீர்கள் என்று அவள் சொன்னதால், மெதுவாக அடித்திருக்கிறார்.

அந்தச் சிரிப்பு பிரமாதம் என்று ஒலிநூல் கம்பெனியில் பாராட்டினார்கள். குழந்தைகள் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்கிறார்களாம்.

மகுடேசன் வெளியே போய்க் கதவைச் சாத்தினான். கதவு ரப்பரில் அமுங்கிப் பொருந்தியது. தெரு போயிற்று. பக்கத்து வீட்டுக் குக்கர் போயிற்று. அவள் மூச்சு அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது.

மேசையில் புதுக் கதை. இன்றைக்குள் மாதிரிக்கு ஒரு பதிவு அனுப்பினால் வருடம் முழுக்க வேலை இருக்கிறது.

ஹெட்போனை மாட்டினாள். சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

வெறும் அறை பதிவாகத் தொடங்கியது. திரையில் கோடு நேராக ஓடியது.

டிங்.

கோடு சின்ன முள்ளாக எழுந்து படுத்தது.

நிமிர்ந்து பார்த்தாள். மணி அசையவில்லை. அசைந்தாலும் அதற்கு நாக்கு கிடையாது.

பஞ்சுமிட்டாய்க்காரராக இருக்கும்.

ஐயோ, இடியே நுழையாத கதவுக்குள் அவர் எப்படி நுழைவார்?

நிறுத்திவிட்டு, அந்த முள்ளைத் துடைத்துவிட்டு, மறுபடி தொடங்கலாம். ஒரு தட்டு தட்டினால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை.

போன தடவையும் யாருக்கும் தெரியவில்லை.

மவுஸிலிருந்து கையை எடுத்தாள். ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"இதா வந்துட்டேனுங்க மாமா."

நாற்காலி பின்னால் உருள எழுந்தாள். ஓடத் திரும்பினாள்.

எங்கே ஓடுவது?

மாமனாரின் கட்டில் கிடந்த இடத்தில்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள்.