தொண்ணூத்து மூணு போடு

"தொண்ணூத்து மூணு போடுப்பா" என்றார் கமாலுதீன் மரைக்காயர்.

பெட்ரோல் பங்க் ஆள் அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தான். பிக்கப் வேனின் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த டிரைவர் முத்தையனுக்கோ பகீரென்றது.

"மொதலாளி, நம்ம வண்டிக்கு எப்பவும் எண்பத்தேழு ஆக்டேன் பெட்ரோல்தானே? தொண்ணூத்து மூணெல்லாம் கார் வச்சிருக்கவங்க போடுறதுங்க. வெலையும் கூட."

"வெல எனக்குத் தெரியும். மேடு ஏறுறப்ப இஞ்சின் தட்டுற தட்டு பட்டினச்சேரி பூரா கேக்குது. ஆக்டேன் கம்மியான பெட்ரோலை ஊத்துனா அப்படித்தான் தட்டுமாம். மெக்கானிக் சோமு சொன்னான்."

"பழைய வண்டிங்க. அது பாட்டுக்குத் தட்டிக்கிட்டுக் கெடக்கட்டுமே."

"தட்டித் தட்டியே பிஸ்டன் மௌத்தாயிடும்டா. நீயா வாங்கித் தருவே?"

அந்தத் தட்டலில்தான் தன் வீட்டு அடுப்பு எரிகிறது என்று முத்தையன் முதலாளியிடமே சொல்ல முடியுமா?

பட்டினச்சேரியில் மரைக்காயருக்கு ஒரு கருவாட்டுக் கொட்டகை இருந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் மீனை அறுத்து உப்பில் ஊறவைத்து வெயிலில் போடுவார்கள். முத்தையன் பெண்டாட்டி அமுதமும் அவர்களில் ஒருத்தி. போன கோடையில் ஒரு குழந்தை உப்புத்தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டுவிட்டு, மரைக்காயர் கொட்டகையே அதிரக் கத்திவிட்டார்.

"இது கருவாட்டுக் கொட்டகையா, பால்வாடியா? இனிமே புள்ளையத் தூக்கிக்கிட்டு வர்றவ வேலைக்கே வர வேணாம்."

கைக்குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வருவது? தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். கொட்டகை மூங்கிலில் பழம்புடவையைத் தூளியாகக் கட்டிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்கள். முதலாளி வருவது முன்கூட்டியே தெரிந்தால் போதும். அதற்குத்தான் முத்தையன் வழி செய்திருந்தான்.

கொட்டகைக்குச் சற்று முன்னால் வாய்க்கால் பாலம், அதில் ஒரு மேடு. கியரைக் குறைத்தால் வண்டி சமர்த்தாக ஏறிவிடும். முத்தையன் குறைக்க மாட்டான். டாப் கியரிலேயே வைத்து மிதிப்பான். தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கினது போல இஞ்சின் கடகடவென்று தட்டும். அதைக் கேட்டதும் தூளிகள் அவிழும். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பின்பக்கத்து வலைக் குவியலுக்குப் பின்னால் கிடத்திவிடுவார்கள். மரைக்காயர் வந்து இறங்கும்போது அத்தனை பேரும் குனிந்த தலை நிமிராமல் மீன் அறுத்துக்கொண்டிருப்பார்கள்.

இன்றைக்கு அந்தப் பிழைப்பில் மண் விழுந்தது.

வண்டி திருமலைராயன்பட்டினத்தைத் தாண்டியது. பின்னால் ஏற்றியிருந்த பலகைகள் ஆடிக்கொண்டே வந்தன. அவை எதற்கென்று மரைக்காயர் சொல்லவில்லை, முத்தையனுக்குக் கேட்கிற மனநிலையும் இல்லை.

பாலத்து மேடு வந்தது. டாப் கியரில் வைத்து மிதித்தான். வண்டி வழுக்கிக்கொண்டு ஏறியது. இன்னும் மிதித்தான். ஊஹூம், முனகல்கூட இல்லை.

"பாத்தியா, நல்ல பெட்ரோலுக்கு இருக்கிற கொணத்தை" என்று தாடியைத் தடவிக்கொண்டார் மரைக்காயர்.

வேறு வழியில்லாமல் முத்தையன் ஹாரனில் கையை வைத்தான். பட்டென்று கையைத் தட்டிவிட்டார்.

"யாருக்குடா ஹாரன்? ரோட்டுல ஒரு ஆடு மாடு இல்ல."

"பழக்கதோஷமுங்க."

"இஞ்சினை நிறுத்து. சரிவுதானே, தானா உருண்டு போவும்."

பூனை மாதிரிப் போய்க் கையும் களவுமாகப் பிடிக்கப் பார்க்கிறார் மனுஷன். இத்தனை நாள் இவரைப் போய் நல்லவர் என்று நம்பினோமே என்று முத்தையனுக்கு ஆத்திரமாக வந்தது. அமுதத்துக்கு இன்றோடு வேலை போயிற்று.

வண்டி சத்தமில்லாமல் கொட்டகை வாசலில் போய் நின்றது. உள்ளே நான்கு தூளிகள் வரிசையாகத் தொங்கின. டிரான்சிஸ்டரில் இலங்கை வானொலி மெல்லப் பாடிக்கொண்டிருந்தது. முதலில் பார்த்தவள் மேஸ்திரி காசியம்மா. கையிலிருந்த கத்தி நழுவிக் கூடையில் விழுந்தது. அமுதம் எழுந்து தூளிப் பக்கம் பாய்ந்தாள்.

"புள்ளையத் தொடாதே" என்றார் மரைக்காயர், தாழ்ந்த குரலில்.

முத்தையனுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "மொதலாளி, அவங்க மேல தப்பில்லிங்க. நான்தான் வேணும்னே இஞ்சினைத் தட்ட வச்சேன். நிறுத்துறதுன்னா என்னை நிறுத்துங்க."

"தட்டுனது எதுக்குன்னு தெரியும்டா. போன வாரம் வலைக்குப் பின்னால ஒண்ணு தூக்கம் கலைஞ்சு வீல்னு கத்துச்சு. ஆட்டுக்குட்டின்னு சொன்னா காசியம்மா. எந்த ஊர்ல ஆட்டுக்குட்டி அம்மான்னு கூப்புடுது?"

காசியம்மா கூடைக்குள் விழுந்த கத்தியைத் தேட ஆரம்பித்தாள்.

"தொட்டிக்கு மூடி போட வேண்டியவன் நானு. அதை வுட்டுட்டு உங்க மேல பாஞ்சிட்டேன். சொன்னதைத் திரும்ப வாங்கவும் வாய் வரல. போ, பலகைய எறக்கு. தொட்டிக்கு மூடி செய்யத்தான்."

முத்தையனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய் வண்டியின் பின்கதவைத் திறந்தான். அவசரத்தில் அது தடாலென்று விழுந்தது. தூளி ஒன்று நெளிந்தது.

மரைக்காயர் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்: "மெதுவாடா. புள்ளைங்க முழிச்சிக்கக் கூடாதுன்னுதானே தொண்ணூத்து மூணு போட்டேன்."