பந்துக்கு ஒரு மொட்டை

திருவந்திபுரம் பெருமாள் கோயில் மலைப்படியோரம் காலை வெயில் ஏறுகிறது. அமெரிக்காவிலிருந்து லீவில் வந்த இளவரசு, பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஃபுட்பாலில் தன் டீமின் பனியனோடு மொட்டைக்குக் குனிந்திருக்கிறான். இந்த வருஷம் டீமுக்கு வந்த புதுப் பையன் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்க வேண்டுமாம். வேண்டுதல் பலித்த பிறகுதான் ஊரே முடி கொடுக்கும். இந்த மேதாவி பெருமாளுக்கே அட்வான்ஸ் கொடுக்கிறான். ஈரத்தலையின் இடப்பக்கத்தைக் கத்தி சரசரவென்று வழிக்கிறது. மனைவி அருள்மொழி நீட்டிப் பிடித்த போனில் ஆட்டம் ஓடுகிறது. “பையன் தெய்வப் பிறவிண்ணே, இந்த வாட்டி கப்பு எங்களுக்குத்தான்” என்று முடியெடுப்பவரிடம் அளக்கிறான். முட்டை வடிவப் பந்து பறந்து வந்து, பையனின் இரண்டு கைக்குள்ளும் விழுந்து, நழுவிப் புல்லில் உருள்கிறது. இளவரசு பாதி மொட்டையோடு வெடுக்கென்று நிமிர்கிறான். முடியெடுப்பவர் கத்தியை நிறுத்தி, “மீதியையும் எடுத்துடவா சார்?” என்கிறார். “வுடுங்கண்ணே,” என்கிறாள் அருள்மொழி. “அது அடுத்த மேட்ச்சுக்கு ஆவும்.”