சுவர்ப் பக்கம் திரும்பிய அட்டை

ஃபியூஸ் போன டியூப் லைட்டைக் கழற்றும்போது அது கை நழுவி விழுந்து நொறுங்கியது. துடைப்பம் ஓடிவந்து மொத்தத்தையும் கூட்டி அள்ளியது.

"ஒரு சில்லுகூட விடலை, பார்த்தியா?" என்று பரண் மேலிருந்த டியூப் லைட்டின் அட்டை உறையிடம் பெருமையடித்தது.

உறை முனகியது. "அதுக்குள்ள பாதரசம் இருந்துச்சுக்கா. அது விஷம். உடைஞ்சா கூட்டக் கூடாது, துடைப்பத்துல ஒட்டிப் பரவும், ஜன்னலைத் திறந்துட்டு எல்லாரும் வெளியே போகணும்னு என் மேலேயே அச்சடிச்சிருக்கு."

"அப்பவே கத்தித் தொலைச்சிருக்கலாமே!"

"என்னைச் சுவர்ப் பக்கமா திருப்பி வெச்சுட்டாங்க. என்னைக்காவது யாராவது எடுத்துப் படிப்பாங்கன்னு ஏழு வருஷமா சும்மா இருந்துட்டேன்."

துடைப்பம் தன் ஈர்க்குகளைக் குனிந்து பார்த்தது.

"கூட்டின கையோட, குழந்தை தவழுற பாயையும் கூட்டிட்டு வந்துட்டேனே."