பின்னால் தள்ளும் வண்டி

"மறுபடியும் அந்த ஒயர்தானா, தம்பி?"

"அதேதாங்க ஐயா. யாரோ பிடுங்கின மாதிரி கழண்டு கிடக்கு," என்றான் எலக்ட்ரீஷியன், டிரெய்லருக்கு அடியில் படுத்தபடி. காலையிலிருந்து பெரியவர் இதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். ஆர்வக்கோளாறு என்று அவன் சிரித்துக்கொண்டான்.

பெரியவரின் மகன் இருக்கும் ஊர் வரை அவருடைய மின்சாரக் காரின் சார்ஜ் தாங்காது. கடைசிக் கால் பங்கு மலைப்பாதை. வழியில் சார்ஜ் போட ஓர் இடம் கிடையாது. அதனால் காருக்குப் பின்னால் மாட்ட ஒரு குட்டி டிரெய்லரைப் பெரியவரே செய்துவிட்டார். அதற்குத் தனி பேட்டரி, தனி மோட்டார். கார் சோர்ந்தால் இது பின்னாலிருந்து தள்ளும். பஸ்ஸில் போகலாமே என்றால், "நான் செஞ்ச வண்டியிலதான் வருவேன்னு பையன்கிட்ட சொல்லிட்டேன்" என்று ஒரே பிடியாய் நிற்பார்.

பட்டறையிலேயே ஆயுளைக் கழித்த கை. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் கிளம்புகிற அன்று மட்டும் மோட்டார் மூச்சு விடாது. காரையும் அதையும் இணைக்கும் அந்த ஒயர் கழன்றிருக்கும். எலி என்றார்கள், வண்டி குலுங்கியதால் என்றார்கள். கார் ஓட்ட வேண்டிய அவர் மனைவியோ, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று டீயை நீட்டிவிடுவாள்.

எலக்ட்ரீஷியனுக்கு இது மானப் பிரச்சினையாகிவிட்டது. இன்று அந்த ஒயரைக் கழற்றி மாட்டும் பிளக்கையே வெட்டி எறிந்தான். ஒயரை நேராகப் பற்றவைத்து, மேலே தகடு வைத்து மூடினான்.

"இனி யானை கட்டி இழுத்தாலும் வராது, ஐயா."

சுவிட்சைப் போட்டதும் மோட்டார் ஓடியது. பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. பையனுக்குப் பிடித்த நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு வருவதாக உள்ளே ஓடினார்.

அவர் மனைவி டீயோடு வாசலிலேயே நின்றாள். "இனிமே அதைக் கழட்டவே முடியாதா, தம்பி?"

"முடியாதும்மா. நிம்மதியா கிளம்புங்க."

"இத்தனை நாளா பிடுங்கினது நான்தான்."

அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெற்ற பிள்ளையைப் பார்க்கவிடாமல் தடுக்கிற தாயும் உண்டா?

"பையன் போய் ஒரு வருஷமாச்சு," என்றாள் அவள், தகட்டைப் பார்த்தபடியே. "கை வேலை மறக்கல, இது மட்டும் அவர் நினைப்புல தங்கறதில்ல. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அப்பதான் கேக்கிற மாதிரி விழுந்து புரண்டு அழறார். மறுநாள் மறந்துட்டுக் கிளம்பறார். எத்தனை தடவைதான் தம்பி அவர்கிட்ட அவனை நான் சாகடிக்கிறது?"

நீலச் சட்டையோடு வந்த பெரியவர் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, சாவியை மனைவியிடம் நீட்டினார்.

"சீக்கிரம் வா. பையன் வாசலுக்கும் வீட்டுக்கும் நடந்துட்டிருப்பான்."