இடது பக்கத்துப் பட்டை

"என் வண்டியில கமான் பட்டையைக் கழட்டி வித்தவன் இங்கதான் நிக்கிறான். அவனா வாயைத் திறந்துட்டா அவனுக்கு நல்லது."

மணமேல்குடியில் பஸ் புறப்படுகிற நேரம். முதலாளி பங்கிராஸ் போட்ட சத்தத்தில், டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்தார்கள்.

பஸ் இடது பக்கம் சாய்ந்து நின்றது. அவரே அடியில் படுத்துப் பார்த்துவிட்டார். பின் சக்கரத்துக்கு மேலே இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய கமானில் ஒரு பட்டை குறைகிறது.

யுத்தம் முடிந்து ஏலத்தில் வந்த பட்டாளத்து லாரி அது. மேலே பஸ் கூடு கட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். பின்பக்கக் கமான் தேய்ந்து படுத்துவிட, போன மாதம்தான் புதுக்கோட்டைப் பட்டறையில் ஒரு மத்தியானம் முழுக்கப் பேரம் பேசிப் புதுப் பட்டைகள் போட்டார். பேரம் முடிந்த பிறகும் விடவில்லை. பக்கத்துக்கு ஒரு பட்டை கொசுறாக வாங்கிச் சேர்த்துக் கட்டவைத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். மேலே இன்னும் நாலு கருவாட்டுக் கூடை ஏற்றலாம் அல்லவா?

அன்றிலிருந்து பஸ் குதிரையாகிவிட்டது. கருவாடு விற்கிற முனியாயி, "மொதலாளி, இடுப்பெலும்பு கழுத்துக்கு வந்துருச்சு" என்று முறையிட்டாள்.

"மேல அத்தனை கூடை வருதே, ஒண்ணாச்சும் வாயத் திறந்துச்சா?" என்று அவர் கேட்டதற்கு ஊரே சிரித்தது.

இன்றைக்கு அந்தக் கொசுறைத்தான் காணோம். கமான் பட்டை என்றால் அரிவாள் அடிக்கிற கொல்லர்கள் போட்டி போட்டு வாங்குவார்கள். ராத்திரி பஸ்ஸில் படுத்திருந்தவன் டிரைவர் மலையாண்டி ஒருவன்தான். வேறு யாரைக் கேட்பது?

மலையாண்டி பாட்டுக்கு ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்து அவருக்கு இன்னும் எரிந்தது.

"புதுக்கோட்டை போனதும் ஸ்டேஷன்தான். இனிமே ஸ்டீயரிங்கை நீ கனவுலதான் தொடணும்" என்றார்.

அதற்குள் சம்பந்தி வீட்டார் அவர் மகள் ஞானசெல்வியைக் கைத்தாங்கலாக அழைத்துவந்துவிட்டார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறாள். கருவாட்டு வாடை மகளுக்கு ஆகாது என்று அன்றைக்கு மேலே ஒரு கூடையும் ஏற்றக்கூடாதென்று சொல்லியிருந்தார் பங்கிராஸ்.

ஞானசெல்வி பின்னால் இடது பக்கம், பெண்கள் சீட்டில் உட்கார்ந்தாள். மிச்சமிருக்கிற பட்டைக்குக் காவல் போல, அவர் வலது பக்கம் சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஊர் தாண்டியதும் ஒரு பள்ளம். அவர் தலை கூரையில் இடித்தது. அடுத்ததில் நாக்கைக் கடித்துக்கொண்டார். பாரம் இல்லாத வண்டி, இறுகிய கமான். வாய்க்கால் பாலத்தில் ஏறி இறங்கியபோது சீட்டை விட்டு அரை முழம் எழும்பி விழுந்தார். இடுப்பில் மின்னல் வெட்டியது.

பதறிப்போய் மகளைப் பார்த்தார். அவள் ஜன்னலில் சாய்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள்.

"என்னப்பா, உக்கார மாட்டேங்கிறீங்க?" என்றாள்.

பங்கிராஸ் அவள் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார்; பட்டை போன பக்கம். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார்.

மலையாண்டி இறங்கி, தன் சீட்டுக்கு அடியிலிருந்து சாக்கில் சுற்றிய ஒன்றை இழுத்து அவர் காலடியில் வைத்தான். பட்டை.

"விக்கலைங்க மொதலாளி."

அவர் குரல் இறங்கியிருந்தது. "எம் மகளுக்காகவாடா?"

"இல்லைங்க. அவங்க வாறது காலையில அவங்களைப் பார்த்தப்பதான் எனக்குத் தெரியும்."

மலையாண்டி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "போன வாரம் முனியாயி மருமக, இப்ப ஒங்க மக இருக்கிற அதே சீட்டுல ஆஸ்பத்திரிக்கு வந்துச்சு. ஆறு மாசம். போய்ச் சேர்றதுக்குள்ள பிள்ளை தங்கலை. ஒங்ககிட்ட வந்து சொன்னேன். அன்னைக்கும் கூடை கணக்குத்தான் பேசுனீங்க. ஒத்தையா விடியறதுக்குள்ள ஒரு பக்கந்தான் கழட்ட முடிஞ்சது. பொம்பளைங்க உக்கார்ற பக்கமாப் பார்த்துக் கழட்டுனேன்."

பங்கிராஸ் பட்டையைப் பார்த்தார். ஜன்னல் வழியே மகளைப் பார்த்தார். பஸ்ஸில் இருந்த அத்தனை தலையும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில் போட்ட அதே சத்தம் மறுபடி வந்தது.

"பட்டையைக் கழட்டினவன் எவனா இருந்தாலும் நல்லாக் கேட்டுக்க. அரைகுறையா வேலை பார்த்துட்டு எங்கிட்டேயிருந்து தப்பிச்சுர முடியாது. அறந்தாங்கியில வண்டி நிக்கும். அந்தப் பக்கத்தையும் கழட்டிட்டுத்தான் அவன் ஸ்டீயரிங்கைத் தொடணும்."